அணியம் தெரியாத வண்டி எனக்கு வேண்டாம்: சேலஞ்சர், கமாரோ, மஸ்டாங்

கீழக்கரை டீக்கடை பெஞ்சில் அமெரிக்க மசில் காருக்காக, அதாவது பெரிய எஞ்சின் வைத்த முரட்டு இரண்டு கதவு வண்டிக்காக, சண்டை நடக்கிறது என்றால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது சபர் போனவர், அதாவது வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போனவர். துபாயில் டாட்ஜ் சேலஞ்சர், செவர்லே கமாரோ, ஃபோர்டு மஸ்டாங் என்ற இந்த மூன்று வண்டிகளையும் ஓட்டியோ கழுவியோ வாடகைக்கு விட்டோ பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் உண்டு. நானும் ஒரு வாடகைக் கார் கம்பெனியில் ஒன்பது வருடம் இருந்தேன். திரும்பி வருகிற வண்டியைச் சரிபார்த்துச் சாவி வாங்கி வைக்கிற வேலை. அதனால் குதிரைத்திறனைவிட உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு அதிகம் தெரியும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மசில் கார் என்றால் சீட்டில் உட்கார்ந்ததும் பானெட், அதாவது எஞ்சின் மூடி, கண்ணில் பட வேண்டும். நம் கடற்கரையில் வள்ளம் ஓட்டுகிறவர் பின்பக்கத்து அமரத்தில் சுக்கானைப் பிடித்துக்கொண்டு முன்பக்கத்து அணியத்தைப் பார்த்துத்தானே ஓட்டுகிறார்? முன்னால் நீண்டு கிடக்கிற அந்த உடம்பு தெரியாவிட்டால் எட்டு சிலிண்டர் வி8 எஞ்சின் எதற்கு, நல்ல வேன் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கில் டாட்ஜ் சேலஞ்சர்தான் முதலில் நிற்கும். பானெட் பாய் விரித்தாற்போல் அகலமாக, நடுவில் மேடு தட்டிக் கிடக்கும். 2008-ல் வந்த வண்டி, 1970 மாடலை அப்படியே ஊதிப் பெரிதாக்கின மாதிரி. 2023 டிசம்பரில் கடைசி வண்டி இறங்குகிற வரை அந்த வடிவத்தைப் பெரிதாகத் தொடவில்லை. சோம்பேறித்தனம் என்று பலர் திட்டினார்கள், எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு தடவை சரியாக விழுந்த கோட்டை எதற்கு அழிக்க வேண்டும்? ஜனங்களுக்கும் பிடித்துத்தான் இருந்தது, 2021-ல் அமெரிக்க விற்பனையில் மஸ்டாங்கையே முந்தியது. ஐந்து பேர் நிஜமாக உட்காரலாம், டிக்கி 450 லிட்டருக்கு மேல். ஆனால் கனம். 1,900 கிலோ பக்கம் வரும், ரவுண்டானாவில் திருப்பினால் கட்டில் நகர்கிற மாதிரி இருக்கும். இதன் ஹெல்கேட் ரகத்தின் 707 குதிரைத்திறன், கடைசியில் வந்த டீமன் 170 ரகம் எத்தனால் கலந்த எரிபொருளில் காட்டிய 1,025, இதெல்லாம் நேர்கோட்டில் பந்தயம் விடுகிறவர்கள் சமாச்சாரம். பெஞ்சில் எனக்கு எதிரே உட்காருகிற காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவோம்) இந்த வண்டிக்குத்தான் உயிரை விடுவார். "கதவைச் சாத்துனா சத்தத்தைக் கேளுடா" என்பார், அதற்கு மேல் வாதம் கிடையாது.

கமாரோ விஷயத்தில்தான் எனக்கு வயிற்றெரிச்சல். 2016-ல் வந்த ஆறாம் தலைமுறை, கேடிலாக் ஏடிஎஸ் காரோடு பகிர்ந்துகொண்ட ஆல்ஃபா என்ற அடித்தளம், எடை 1,700 கிலோவை ஒட்டித்தான். ஓட்டுவதற்கு மூன்றிலும் இதுதான் ஒன்றாம் நம்பர். ஸ்டீயரிங்கை இரண்டு விரலால் தொட்டாலே மூக்கு திரும்பும். ஏசி காற்று வருகிற துவாரத்தைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும், அதைத் திருகினால் குளிர் கூடும், குறையும். தனிப் பொத்தான் இல்லை. அதை யோசித்தவருக்கு ஒரு சலாம் வைக்கலாம். அதே கம்பெனிதான் கண்ணாடியை இப்படிச் சுருக்கியது! கதவு தோள் வரை ஏறி நிற்கும், பக்கத்துக் கண்ணாடி கோட்டைச் சுவரில் துப்பாக்கி நீட்டுகிற ஓட்டை மாதிரி, பின்னால் வருகிறவன் யாரென்றே தெரியாது. வெளியே நின்று பார்க்கிறவனுக்காக வரைந்த கோடு, உள்ளே இருக்கிறவனுக்குத் தண்டனை. டிக்கி 260 லிட்டர்கூடத் தேறாது, அதன் வாயும் குறுகல். பெட்டி கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்புகிறவரை ஏர்போர்ட்டில் விட இதை எடுத்தால் அட்டைப்பெட்டி மடியில்தான். 2019-ல் முகத்தின் குறுக்கே ஒரு கறுப்புப் பட்டையை ஒட்டி ஊரெல்லாம் திட்டு வாங்கி, அடுத்த வருடமே மாற்றினார்கள். 2023 டிசம்பரோடு உற்பத்தியே நின்றுவிட்டது.

சரி, மஸ்டாங். ஃபேக்டரியிலேயே வலப்பக்க ஸ்டீயரிங்கோடு வந்தது இது ஒன்றுதான், அதுவும் 2015 தலைமுறையிலிருந்து. 2016-ல் இந்தியாவுக்கு வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம். சென்னை நண்பர் ஒருவர் அதன் 5.0 லிட்டர் ஜிடி ரகத்தில் வந்திருந்தார். பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று தள்ளத் தள்ள, வேகத்தடைகளில் கோணலாக ஏற்றி இறக்கி, முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனைக்குப் போனோம். 2017-ல் திறந்த அந்த ஒன்பதரை கிலோமீட்டர் ரோடு இரண்டு பக்கமும் கடல், நடுவில் மணல் வந்து படிந்த கோடு. ஸ்டீயரிங்கை நான் வாங்கினேன். பானெட்டின் இரண்டு பக்கமும் எழும்புகிற மடிப்பு கண்ணுக்கு நேரே தெரிந்தது, வண்டி எங்கே முடிகிறது என்று தேட வேண்டியிருக்கவில்லை. டாஷ்போர்டு இரட்டைப் புருவம் மாதிரி, நடுவில் விரலால் தட்டுகிற உலோகச் சுவிட்சு வரிசை. பின்னால் மும்மூன்று பட்டை விளக்கு, 1964-லிருந்து வருகிற அடையாளம்.

2022-ல் காட்டிய புது மஸ்டாங்கில் இந்தப் புருவம் போய்விட்டது. 12.4 அங்குலத் திரை ஒன்று, 13.2 அங்குலத் திரை ஒன்று, ஏசியைக் கூட்டக்கூடத் திரையைத்தான் தடவ வேண்டும். வியர்த்த கையோடு முயன்று பாருங்கள். எண்பதுகளின் மஸ்டாங் மீட்டரைத் திரையிலேயே வரவழைக்கலாமாம், பழைய வீட்டை இடித்துவிட்டுப் படத்தை மாட்டுவது போலத்தான். சார்ஜர் என்ற டாட்ஜின் எலெக்ட்ரிக் கார் செயற்கையாக எழுப்புகிற உறுமலைப் பற்றிக் காக்காவிடம் பேச்செடுக்கவே கூடாது.

கீழக்கரையில் வைத்து ஓட்ட ஒன்றைச் சொல் என்றால் 2015-லிருந்து 2017 வரையிலான மஸ்டாங்தான் என் தேர்வு. 2018-ல் மூக்கைத் தாழ்த்தி முகத்தைச் சோகமாக்கிவிட்டார்கள். ஓட்டுவதைவிடக் கடல் உப்பில் துருப்பிடிக்காமல் காப்பதுதான் பெரிய செலவு. அன்றைக்குத் தனுஷ்கோடியிலிருந்து திரும்பியதும் வண்டியின் அடிப்பாகத்தைக் கழுவ வாப்பா எட்டுக் குடம் நல்ல தண்ணீர் கொடுத்தார், ஒன்பதாவது குடத்துக்கு, "இது குடிக்கிற தண்ணி, காருக்கு இல்ல" என்று மூடி போட்டுவிட்டார்.