ஓட்டு வீட்டில் ஒளியும் கம்பி ஆன்டெனா: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

கும்பகோணம், மாயவரம் பக்கத்துத் தெருக்களில் வீட்டுக்கு மேலே கம்பி தெரிந்தாலே "டவர் வைக்கிறாங்களா?" என்று கேள்வி வந்துவிடும். வாடகை வீடென்றால் சொல்லவே வேண்டாம். உரிமம் பெற்ற ஹாம்களுக்கு (பொழுதுபோக்கு வானொலியாளர்கள்) 40 மீட்டர் பேண்டில், அதாவது 7 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில், ஒருமுனை ஊட்டும் அரை அலைக் கம்பிதான் இங்கே கைகொடுக்கிறது; அலைநீளத்தில் பாதி நீளக் கம்பி, ரேடியோ அதன் ஒரு நுனியில் இணையும்.

143-ஐ மெகாஹெர்ட்சில் உள்ள அலைவெண்ணால் வகுத்தால் கம்பியின் நீளம் மீட்டரில் வரும், 7.1-க்கு 20.1 மீட்டர். 21 மீட்டர் வெட்டிக்கொண்டு பிறகு குறைக்கலாம். பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடையில் 0.5 மி.மீ. எனாமல் கம்பி எடைக்குக் கிடைக்கும். வெட்டுமுன் ஒருமுறை நன்றாக இழுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் தானே நீண்டு அலைவெண் இறங்கும்.

ஊட்டும் முனையில், கம்பியையும் கேபிளையும் பொருத்தும் மின்மாற்றியாக எஃப்.டி. 240-43 ஃபெரைட் வளையம்: முதன்மைச் சுற்று 2, துணைச் சுற்று 14, முதன்மைக்குக் குறுக்கே உயர் மின்னழுத்தம் தாங்கும் 100 பிகோஃபாரட் மின்தேக்கி. அங்கிருந்து 2 மீட்டர் தள்ளி, ரேடியோவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளில் ஒரு சோக் (உறையில் ஓடும் ரேடியோ மின்னோட்டத்தைத் தடுப்பது). அந்த 2 மீட்டர் கேபிளின் உலோக உறையே எதிர்க்கம்பியாக, ஆன்டெனாவின் மறுபாதி போல, வேலை செய்யும்.

ஓட்டுக்கு அடியில், பனங்கையை ஒட்டி ஓட்டுவதைத்தான் பலரும் முதலில் செய்கிறார்கள். வெயில் காலத்தில் பழுதில்லை. ஐப்பசி மழையில் நாட்டு ஓடு தண்ணீர் குடித்ததும் ஒத்ததிர்வு அலைவெண் கீழே இறங்கி எஸ்.டபிள்யூ.ஆர். (பொருத்தம் எவ்வளவு கெட்டது என்று காட்டும் அளவு) ஏறிவிடும். மேற்கூரை தகரமென்றால் அந்த யோசனையே வேண்டாம். 50 வாட்டிலேயே முனைகளில் 350 வோல்ட் அளவுக்கு ரேடியோ மின்னழுத்தம் நிற்கும். கீற்றுக் கொட்டகையில் முனையைச் செருகுவது நெருப்போடு விளையாட்டு.

வெளியிலேயே விடுவதுதான் மேல். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தென்னைக்குப் போகும் அரை மி.மீ. கம்பி பத்தடி தள்ளி நின்றால் தெரியாது. கரண்ட் கம்பி குறுக்கிடும் திசை மட்டும் கூடவே கூடாது. மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், காயத்தின் வழியே சிவப்புக் கூன்வண்டு நுழையும். கயிறு கட்டினால் போதும். நுனியில் மீன்பிடி நைலானும் சின்னக் கல்லும் தொங்கவிட்டால் மரம் ஆடும்போது அறுபடாது. நைலான் வெயிலில் நொறுங்கும், ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் உறைக் கம்பி என்றால் அணில் கடிக்கும், நீளமும் சற்றுக் குறைக்க வேண்டும்.

தாழ்வாக இருப்பதால் தூரநாட்டுத் தொடர்பு சுமார்தான். பகலில் சென்னை, மதுரை, கோவை தாராளமாகக் கிடைக்கும். உள்ளூர்ப் பேச்சுக்கு இதற்கு மேல் தேவையில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் முறுக்கி விட்ட இணைப்பு பச்சை பூத்துவிடும். சால்டர் வைத்து, எம்-சீல் பூசி, வளையம் வைத்த பெட்டியின் அடியில் ஒரு துளை போடுங்கள். ஈரம் வியர்த்தால் வடியும்.

இரைச்சல் அதிகமென்று ஆன்டெனாவைக் கழற்றுமுன் வீட்டு மெயினை அணைத்து, ரேடியோவைப் பாட்டரியில் கேளுங்கள். இரைச்சல் போய்விட்டால் உங்கள் எல்.ஈ.டி. பல்பையோ சார்ஜரையோ தேடுங்கள். போகாவிட்டால் பக்கத்து வீட்டில் விசாரிக்க வேண்டியதுதான், அதுவும் ஆன்டெனா இருப்பதைச் சொல்லாமல்.