ஆப்டிக்கல் ஓட்டை ஒண்ணா இருக்குன்னு நம்பி டிஏசி வாங்கிடாதீங்க

வீட்டுலயே ரெக்கார்டிங் பண்றவங்க, அதுவும் வெளி கம்ப்ரசர் (சத்தத்தோட ஏத்த எறக்கத்த அடக்கற பெட்டி), ஈக்வலைசர் எல்லாம் சேத்து ஓட்டலாம்னு ஆசப்படுறவங்க, இத படிச்சுட்டு அப்புறம் கடைக்கு போங்க. டிஏசி (டிஜிட்டல் சத்தத்த அனலாகா மாத்தி வெளிய தர்ற பெட்டி) ஒண்ண வாங்கி எனக்கு 18,500 ரூபா மாட்டிக்கிச்சு.

நான் பாலக்கோடு பக்கம். மாடில ஒரு ரூம் போட்டு கூத்துக்காரங்க பாட்டு, மாரியம்மன் பண்டிகைக்கு பம்பையோட பாடுறது இதெல்லாம் எடுத்து குடுக்கறேன். தெரிஞ்ச சவுண்ட் சர்வீஸ்காரர் ஒருத்தர் தொழில விடறப்ப ரெண்டு சேனல் ரேக் கம்ப்ரசர் ஒண்ண கம்மி வெலைக்கு குடுத்தாரு. பழசுதான், ஆனா குரல அதுல விட்டா ஒரு கனம் வரும், கம்ப்யூட்டர்ல ஓடற கம்ப்ரசர் ப்ளகின்ல எனக்கு அது வரல (உன் காதுதான் கோளாறுன்னு கூட்டாளிங்க சொல்றாங்க, இருக்கட்டும்).

ஏற்கனவே எடுத்த குரல கம்ப்யூட்டர்ல இருந்து வெளிய அனுப்பி, கம்ப்ரசர்ல ஓட்டி, திரும்ப உள்ள எடுக்கணும். அதுக்கு அவுட் வேணும்ல? என் இன்டர்ஃபேஸ்ல (மைக்கயும் ஸ்பீக்கரையும் கம்ப்யூட்டரோட சேக்கற பெட்டி) லைன் அவுட் ரெண்டே ரெண்டு, ரெண்டும் மானிட்டர் ஸ்பீக்கருக்கு போயிடுது. பின்னாடி ஆடாட்னு (பல சேனல டிஜிட்டலா ஒளி ஒயர்ல அனுப்பற மொற) ஆப்டிக்கல் அவுட் ஒண்ணு சும்மா கெடக்கு, 48 கிலோஹெர்ட்ஸ்ல அந்த ஒத்த ஒயர்ல 8 சேனல் போகும். ஆக ஆடாட்ட வாங்கி அனலாகா வெளிய தர்ற பெட்டி வேணும், அவ்ளோதான்.

இத அப்படியே பெங்களூர்ல ஒரு கடைல போய் சொன்னேன். கடைக்காரரும் நம்ம தருமபுரி பக்கம்தான், ஊர் பேர சொன்னதும் டீ வாங்கி குடுத்தாரு, அங்கயே நான் பாதி விழுந்துட்டேன்.

"ஆடாட் எடுக்குமாணா?"

"எடுக்கும் தம்பி, இந்தா ஆப்டிக்கல் ஓட்டை, உன்னுதுலயும் இதே ஓட்டைதான? 32 பிட்டு, 384 கிலோஹெர்ட்ஸ், ஜப்பான் சிப்பு."

பில்லுன்னு குடுத்தது ஒரு வெள்ள பேப்பர் துண்டு, அதுல "சவுண்டு ஐட்டம் 1"னு மட்டும் எழுதிருந்துச்சு. அப்பவாச்சும் முழிச்சிருக்கணும்.

வீட்டுக்கு வந்து மாட்டுனா சத்தமே இல்ல, முன்னாடி சின்ன லைட்டு மட்டும் செவப்பா சிமிட்டிகிட்டே இருக்கு. ஒயர மாத்துனேன், 44.1க்கு எறக்குனேன், ம்ஹூம். ராத்திரி ரெண்டு மணிக்கு மேனுவல படிச்சப்பதான் புரிஞ்சுது, அந்த ஓட்டை தோஷிபா 1983ல கொண்டாந்த டாஸ்லிங்க், அதுல எஸ்பிடிஃபும் போகும், ஆடாட்டும் போகும், ஓட்டை ஒண்ணு பாஷை வேற. இந்த பெட்டிக்கு எஸ்பிடிஃப் மட்டும்தான் தெரியும், அதாவது பாட்டு கேக்கறதுக்கு ரெண்டு சேனல். சில இன்டர்ஃபேஸ்ல ஆப்டிக்கல எஸ்பிடிஃபுக்கு மாத்திக்கலாம், அப்படி இருந்தா இந்த பெட்டியே ரெண்டு அவுட்டா வேல செஞ்சிருக்கும், என்னுதுல மாத்த முடியாது.

போன் போட்டா "யூஎஸ்பில போடு தம்பி, ஓடும்"ங்கறாரு. அங்கதான் அடுத்த ஏமாத்து. விண்டோஸ்ல ஒரு ரெக்கார்டிங் சாஃப்ட்வேர் பொதுவா ஒரு ஏசியோ டிரைவரதான் (சாஃப்ட்வேரயும் சவுண்ட் பெட்டியயும் பேச வெக்கற புரோகிராம்) புடிக்கும், ரெண்டு பெட்டியயும் சேக்கற ஓசி டிரைவர் ஒண்ண போட்டு எப்படியோ ஓட்டுனேன், ஆனா ரெண்டு பெட்டிக்கும் தனித்தனி கிளாக் (டிஜிட்டல் சத்தத்துக்கு வேகம் வெக்கற உள் கடிகாரம்), ஒண்ணு ஒரு பொடி வேகமா ஓடுது. 10 லட்சத்துல 50 பங்கு வித்தியாசம்னு வெச்சுக்குங்க, 5 நிமிஷ பாட்டு முடியறப்ப 15 மில்லிசெகண்ட் தள்ளி போயிடும். எனக்கு பம்பை அடிக்கு நடுவுல டிக்கு டிக்குனு விழுந்துச்சு, பாடுனவரு "யாரு தம்பி நடுவுல தாளம் போடறது"ன்னு கேட்டாரு. போதாததுக்கு பெட்டில இருக்கறது டீவி பின்னாடி இருக்கற மாதிரி ஆர்சிஏ, பேலன்ஸ்டு (ஒயர்ல ஏறற இரைச்சல தானே அடக்கற இணைப்பு) கெடையாது, கம்ப்ரசருக்கு இழுத்ததும் 50 ஹெர்ட்ஸ் ஹம்மு தனியா.

திருப்பி எடுத்துக்கங்கணான்னு நேர்ல போனேன். "டிஏசி கேட்ட, டிஏசி குடுத்தேன், சீல் ஒடச்சுட்ட"ன்னாரு, வேணும்னா 8,000 தரேன்னாரு. இந்த தடவ டீ இல்ல.

அப்புறம் வேற எடத்துல செகண்ட்ஹேண்ட்ல ஒரு 8 சேனல் ஆடாட் பெட்டி எடுத்தேன். அதுலயும் உஷாருங்க, 8 சேனல்னு விக்கறதுல நெறைய பெட்டி மைக்க உள்ள எடுக்க மட்டும்தான், வெளிய தர்ற அவுட் ஒண்ணு கூட இருக்காது. முன்னாடி மூஞ்ச பாக்காதீங்க, திருப்பி பின்னாடி பாருங்க: ஆடாட் "இன்" எழுதிருக்கணும், பேலன்ஸ்டு லைன் அவுட் 8 இருக்கணும். லேப்டாப்பும் இன்டர்ஃபேஸும் தூக்கிட்டு போய் ஒரு அவுட்ட ஒரு இன்ல குத்தி கடைலயே ஓட்டி பாருங்க, மூஞ்ச சுளிச்சா சுளிக்கட்டும். கிளாக் ஆடாட் வழியா போயிடறதால ஒரே மாஸ்டர் கிளாக்தான், டிக்கு இல்ல. போய் வர்ற லேட்ட ரீப்பர்ங்கற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரீஇன்சர்ட்டு ப்ளகின்ல பிங் போட்டு அதுவே கழிச்சுக்குது. சிப்பு பேரு, 384 எல்லாம் இந்த வேலைக்கு ஒரு ரூபாக்கும் பிரயோஜனம் இல்லங்க, நான் எடுக்கறதே 48ல.

அந்த பழைய பெட்டி கீழ ஹால்ல டீவி ஆப்டிக்கல்ல மாட்டிருக்கு. டீவி பேசறது எஸ்பிடிஃப்தான, செவப்பு லைட்டு உடனே பச்சையாயிடுச்சு. அப்பாவுக்கு ரொம்ப புடிச்சிருக்கு, எவ்ளோ ஆச்சுன்னு கேட்டாரு, 2,000னு சொல்லி வெச்சிருக்கேன்.