மொகாமிக்கு மட்டும் ஹீல் இல்லை

வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸ் என்ற ஆன்லைன் கடற்போர் கேமில் அடாகோ கப்பலின் விலை குறையும்போதெல்லாம் நண்பர்களிடமிருந்து அதே கேள்வி வருகிறது: "மொகாமி இருக்கும்போது அதற்கு எதற்குக் காசு?" இரண்டும் டியர் 8 (எட்டாம் நிலை) ஜப்பானிய க்ரூஸர்கள்; மொகாமி விளையாடிப் பெறுவது, அடாகோ காசுக்கு வாங்குவது. இரண்டிலும் பத்து 203 மி.மீ. பீரங்கிகள், 10 கி.மீ. ஓடும் டார்பிடோக்கள். ஆனால் அடாகோவுக்கு இழந்த உயிரை மீட்கும் ரிப்பேர் பார்ட்டி, அதாவது ஹீல், உண்டு, மொகாமிக்குக் கிடையாது. எத்தனை நாள் ஓட்டினாலும் இந்த முள் மட்டும் குத்திக்கொண்டே இருக்கிறது.

வரலாறு தெரிந்தவர்களுக்கு இது இன்னும் வலிக்கும். 1942 ஜூன் 5 அதிகாலை, மிட்வே அருகே அமெரிக்காவின் டாம்போர் நீர்மூழ்கியைக் கண்டு விலகும்போது மொகாமி தன் சகோதரிக் கப்பலான மிகுமாவின் மீது மோதியது. முன்மூக்கு நசுங்கிப் போனது. சேதக் கட்டுப்பாட்டு அதிகாரி சருவாதாரி மசாயுகி, டார்பிடோக்களையெல்லாம் கடலில் தள்ளிவிடச் சொன்னார். மறுநாள் அமெரிக்க விமானந்தாங்கிகளான என்டர்பிரைஸ், ஹார்னெட்டின் விமானங்கள் இரண்டு கப்பல்களையும் குண்டுவீசித் தாக்கின. மிகுமா தன் டார்பிடோக்களே வெடித்து மூழ்கியது. மொகாமியின் 5-ஆம் டரட் (பீரங்கிக் கூண்டு) ஆட்களோடு அழிந்தது, ஆனாலும் கப்பல் பிழைத்து ஜப்பான் திரும்பியது. சசெபோவில் பின்பக்க டரட்கள் இரண்டையும் எடுத்துவிட்டு, 11 கடல்விமானங்களுக்கு மேடை அமைத்து 1943-ல் மீண்டும் கடலில் விட்டார்கள். அடாகோவோ 1944 அக்டோபர் 23-ல் பலவான் நீர்வழியில் அமெரிக்க நீர்மூழ்கி டார்ட்டரின் நான்கு டார்பிடோக்களை வாங்கி, சுமார் 20 நிமிடத்தில் மூழ்கியது. பழுது பார்க்கும் திறமையை எந்தக் கப்பலுக்குக் கொடுத்திருக்க வேண்டும்?

பீரங்கியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லண்டன் கடற்படை ஒப்பந்த வரம்பால் 15 × 155 மி.மீ. பீரங்கிகளோடு பிறந்து, பிறகு 203-க்கு மாறிய கப்பல் இது. 1942 ஏப்ரல் 6-ல் வங்கக் கடலில் வணிகக் கப்பல்களை வேட்டையாடியபோது இதில் இருந்தவை 203-களே. கழற்றிய 155 டரட்கள் யமாட்டோ, முசாஷி, ஒயோடோ கப்பல்களுக்குப் போயின. கேமில் இரண்டையும் மாற்றிப் போடலாம். 155-ன் எச்.இ. (வெடிக்கும்) குண்டு 26 மி.மீ. தகடு வரைதான் துளைக்கும். டியர் 8 முதல் போர்க்கப்பல்களின் முன்மூக்கு 32 மி.மீ. என்பதால் அங்கே பட்டுச் சிதறிவிடும். எச்.இ. குண்டின் துளைக்கும் திறனைக் கூட்டும் ஐ.எஃப்.எச்.இ. ஸ்கில்லை எடுத்தால் 32-ஐத் தொடலாம், ஆனால் தீ வைக்கும் வாய்ப்பு பாதியாகிவிடும். 203-க்கு அந்த ஸ்கில்லே வேண்டாம், 34 மி.மீ. இயல்பாகவே வருகிறது. ஆகவே 203 போடுங்கள்.

டார்பிடோக் குழாய்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. எதிரியை நோக்கிப் போய்க்கொண்டே ஏவ முயன்றால் விலாவைக் காட்ட வேண்டிவரும், அதே நொடியில் சிட்டாடலில் (இயந்திரமும் வெடிமருந்தும் இருக்கும் உட்பகுதி) அடி விழும். விலகி ஓடும்போது துரத்தி வருபவன் பாதையில் விடுவதுதான் சரி.

ஹீல் இல்லாமல் பிழைக்கக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். க்ரூஸரில் ஒரு தீ 30 நொடி எரியும், நொடிக்கு 0.3 சதவீதம், அணைக்காமல் விட்டால் மொத்த உயிரில் 9 சதவீதம் போகும். அடாகோ தீயில் இழந்ததைத் திரும்பப் பெறலாம், மொகாமி இழந்தது இழந்ததுதான். அதனால் தீயணைக்கும் டேமேஜ் கன்ட்ரோலை ஒற்றைத் தீக்கு அழுத்தாமல் இரண்டாவது தீக்கு வைத்திருங்கள். எதிரி கண்ணில் படும் தூரத்தைக் குறைக்கும் கன்சீல்மென்ட் ஸ்கில்லும் மாட்யூலும் கட்டாயம். அடி விழத் தொடங்கியதும் சுடுவதை நிறுத்துங்கள். கடைசிக் குண்டுக்குப் பிறகு 20 நொடி தாக்குப்பிடித்தால் கண்ணிலிருந்து மறையலாம். முன்மூக்கைக் காட்டி நிற்பதை மறந்துவிடுங்கள். அங்கே உள்ள 25 மி.மீ. தகட்டை 356 மி.மீ. பீரங்கியால் சாய்ந்த கோணத்தில் நொறுக்க முடியாது, 380 மி.மீ. எந்தக் கோணத்திலும் நொறுக்கும். டியர் 8-க்கு மேல் பெரும்பாலும் எதிரில் வருவது 380-ம் அதற்கு மேலும்தான்.

இத்தனை சொன்ன பிறகும், காசு இருந்தால் அடாகோவை வாங்குங்கள் என்றே சொல்வேன். டியர் 9-க்குப் போனதும் மொகாமியை விற்றுவிடலாம், அங்கே வரும் இபுகியில் ஹீல் இருக்கிறது. சுரிகாவ் நீரிணையில் எரிந்துகொண்டே பின்வாங்கும்போது நாச்சி க்ரூஸருடனும் மோதி, அதற்குப் பிறகும் மிதந்து, கடைசியில் சொந்த அணியின் நாசகாரிக் கப்பல் அகெபோனோ டார்பிடோ விட்டுத்தான் மூழ்கடிக்க வேண்டியிருந்த கப்பல் இது. அதன் பெயரைத் தாங்கி, இரண்டு தீயில் செத்துப்போகும் ஒன்றைத் துறைமுகத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க மனம் வரவில்லை.