மீட்டர் போர்டுக்கு எல்இடி போடுகிறீர்களா? சார்ஜ் லைட்டை மட்டும் தொட விடாதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பழைய அம்பாசடர், பியட் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள். ஒரு சின்ன பல்பை மாற்றிவிட்டு, அதனால் வந்த கோளாறுக்கு என்னிடம் ஆல்டர்நேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் கருவி) காசும் பேட்டரி காசும் வாங்கிவிட்டார்கள். இரண்டுமே கெட்டுப்போகவில்லை.

என்னுடையது தொண்ணூறுகளில் வந்த அம்பாசடர், அப்பா வாங்கியது. மீட்டர் போர்டு விளக்குகள் எல்லாம் மங்கிவிட்டன. நம்ம ஊர் சித்திரை வெயிலில் ஆயில் லைட் எரிகிறதா என்று பார்க்க, கையை வைத்து மறைக்க வேண்டும். சத்துவாச்சாரி பக்கம் ஒரு பட்டறையில் எல்இடி போட்டால் பளிச்சென்று தெரியும் என்றார்கள். அது உண்மைதான். ஆயில் லைட்டும் ஹைபீம் லைட்டும் அருமையாக எரிந்தன. பேட்டரிக்குச் சார்ஜ் ஏறவில்லை என்று காட்டும் சிவப்பு சார்ஜ் லைட் மட்டும் சாவியைத் திருப்பினால் எரியவே இல்லை. கேட்டதற்கு, "எல்இடியில அப்படித்தான் சார், சார்ஜ் ஆகலன்னாதான் எரியும்" என்றார் எலக்ட்ரீஷியன். இன்ஜின் ஓடாதபோது சார்ஜ் எப்படி ஆகும்? அப்போது அந்த விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

கொஞ்ச நாளில், குடியாத்தத்திலிருந்து இரவில் வரும்போது ஹெட்லைட் மஞ்சளாகி மங்கியது, ஹார்ன் முனகியது. பள்ளிகொண்டா தாண்டி ஓரங்கட்டியதோடு சரி, செல்ஃப் எடுக்கவில்லை. மீட்டர் போர்டில் ஒரு எச்சரிக்கையும் இல்லை. அதே பட்டறையில் காட்டினால், எதையும் அளந்து பார்க்காமலே "ஆல்டர்நேட்டர் போச்சு" என்றார்கள். 5,500 ரூபாய். புதுசு என்று மாட்டியதில் பெயின்ட் அடியில் பழைய துரு தெரிந்தது. திரும்பவும் பேட்டரி இறங்கியதும், பேட்டரி மேல் பழியைப் போட்டு அதையும் மாற்றினார்கள்.

கடைசியில் ராணிப்பேட்டையில் ஒரு வயதான எலக்ட்ரீஷியனிடம் வண்டியை விட்டேன். ஆல்டர்நேட்டரை அவர் தொடவே இல்லை. சாவியைத் திருப்பி, மீட்டர் போர்டைப் பார்த்தார். "சார்ஜ் லைட் எங்க தம்பி?" என்றார். பின்னால் கையை விட்டு ஹோல்டரை உருவினால் எல்இடி தலைகீழாகச் சொருகியிருந்தது. அதைக் கழற்றிவிட்டு, தன் டப்பாவிலிருந்து பழைய மாடல் 2.2 வாட் பல்பு ஒன்றைப் போட்டார். சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்தது. ஸ்டார்ட் செய்ததும் அணைந்தது. பேட்டரி முனையில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் 12.3 வோல்ட்டிலிருந்து 14க்கு ஏறியதைக் கண்ணால் பார்த்தேன்.

விஷயம் இதுதான். இந்த மாதிரி ஆல்டர்நேட்டர் வண்டிகளில் சார்ஜ் லைட் வெறும் விளக்கு இல்லை. ஆல்டர்நேட்டருக்குள் இருக்கும் ஃபீல்டு காயிலுக்கு முதல் கரன்ட் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. 2.2 வாட் பல்பு என்றால் கிட்டத்தட்ட 180 மில்லி ஆம்பியர். எல்இடி அதில் ஒரு சிறு பங்குதான் விடும், திருப்பிப் போட்டால் சுத்தமாக விடாது. காயில் காந்தமாகாமல் ஆல்டர்நேட்டர் சும்மா சுற்றும். பெரிய ரோட்டில் நன்றாக மிதித்தால் சில சமயம் தானாகச் சார்ஜ் பிடித்துக்கொள்ளும். ஆபீசர்ஸ் லைன் நெரிசலில் ஊர்ந்தால் பிடிக்காது. எல்இடிதான் வேண்டுமென்றால் சரியான திசையில் மாட்டி, அதற்கு இணையாக 68 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் (மின்தடை) ஒன்று போடச் சொல்லுங்கள். எதற்கு வம்பு, அந்த ஒன்றில் மட்டும் பழைய பல்பையே விட்டுவிடலாம்.

இடது, வலது இன்டிகேட்டர் இரண்டுக்கும் ஒரே பச்சை விளக்கு இருக்கும் வண்டிகளிலும் கவனம் தேவை. அதில் கரன்ட் இரண்டு திசையிலும் ஓடுவதால், ஒரு திசை எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும்தான் எரியும். அப்புறம், சிவப்புக் கண்ணாடிக்குப் பின்னால் சிவப்பு எல்இடியே போடுங்கள். வெள்ளை போட்டால் வெளிறித் தெரியும்.

பட்டறைக்குத் திரும்பப் போய்க் கேட்டேன். "பல்புக்கும் ஆல்டர்நேட்டருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றார்கள். பல்பு விஷயம் அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் சோதிக்காமல் நல்ல பொருளைக் கழற்றியதற்கும், பழசுக்குப் பெயின்ட் அடித்துப் புதுசு என்று விற்றதற்கும் என்ன சமாதானம்? அப்பா காலத்து ஆல்டர்நேட்டரைக் கொடுங்கள் என்றால், காயலான் கடைக்குப் போட்டாச்சாம். பில் என்று கையில் இருப்பது "எலக்ட்ரிக்கல் வேலை" என்று எழுதிய துண்டுச் சீட்டு. முறையான பில் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். போனில் பணம் அனுப்பியதற்கான பதிவு பத்திரமாக இருக்கிறது. பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகப் போகிறேன்.

உங்கள் வண்டியில் ஆல்டர்நேட்டர் போச்சு என்று யாராவது சொன்னால், இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் மல்டிமீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். 13.8 முதல் 14.4 வரை காட்டினால் சார்ஜ் ஆகிறது. காட்டாவிட்டால், ஸ்பேனரை எடுக்கும் முன் சார்ஜ் லைட்டில் சாதாரண பல்பைப் போட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். கழற்றும் பொருள் எதுவானாலும் அன்றைக்கே உங்கள் டிக்கியில் ஏற்றிவிடுங்கள்.