கொள்கலன் கப்பல்களுக்கான பாதை, வேகத் திட்டமிடல் மென்பொருள்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

கொள்கலன் கப்பல்களுக்குப் பாதையையும் வேகத்தையும் சேர்த்துத் திட்டமிடும் மென்பொருள் ஒன்றைக் கரையிலுள்ள இயக்கப் பிரிவிலிருந்து சில ஆண்டுகளாக அன்றாடம் பயன்படுத்தி வருகிறேன். வாங்க எண்ணுவோர் பெரும்பாலும் முதலில் பார்ப்பது திரையில் வளைந்து செல்லும் பாதையைத்தான். ஆனால் எரிபொருள் கணக்கில் நான் கண்ட ஆதாயத்தின் பெரும்பகுதி, அந்தப் பாதையின் எந்தப் பகுதியை எந்த வேகத்தில் கடப்பது என்ற முடிவிலிருந்தே வந்தது.

கப்பலை உந்தத் தேவையான திறன் ஏறத்தாழ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப உயர்கிறது. 20 நாட் (மணிக்கு 20 கடல் மைல்) வேகத்தை 18 ஆகக் குறைத்தால் ஒரு நாளுக்கான எரிபொருள் கால் பங்குக்கும் மேல் குறையும். பயண நேரம் நீள்வதைச் சேர்த்துப் பார்த்தாலும் அதே தூரத்துக்கு ஏறத்தாழ 19 விழுக்காடு மிச்சமாகும். மெதுவாக ஓட்டினால் மிச்சம் என்பது 2008ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக் காலத்திலிருந்தே துறையில் எல்லோரும் அறிந்தது. அதிகம் பேசப்படாதது வேகத்தைப் பங்கிடும் முறை. பாதி நேரம் 22 நாட், மீதி நேரம் 14 நாட் என ஓடும் கப்பலும், முழு நேரமும் 18 நாட்டில் ஓடும் கப்பலும் ஒரே வேளையில்தான் போய்ச் சேரும். ஆனால் முன்னது ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுதலாக எரிக்கும். முன்கூட்டியே விரைந்து நேரத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளும் பழக்கம் எச்சரிக்கை உணர்விலிருந்து பிறந்தது. அதன் விலை என்னவென்று கேப்டனுக்கும் எங்களுக்கும் ஒரே திரையில் எண்ணாகக் காட்டியதே இந்த மென்பொருள் செய்த முதல் நன்மை.

இரண்டாவது நன்மை மோசமான வானிலையில் தெரிந்தது. எதிர்க்காற்றும் அலையும் வேகத்தைக் குறைக்கும்போது, விட்ட வேகத்தைப் பிடிப்பதற்காக என்ஜின் சுழற்சியைக் கூட்டுவது வழக்கம். கணக்கு இதற்கு நேர்மாறானதைச் சொல்கிறது: குறித்த வேளையில் சேர வேண்டுமென்றால், சீரான வேகத்தைவிடச் சீரான திறனே குறைந்த எரிபொருளில் முடிகிறது. கொந்தளிப்பில் வேகம் இறங்க விட்டு, அமைதியான நீரில் அதே திறனில் தானாகக் கிடைக்கும் வேகத்தால் ஈடு செய்துகொள்வதே அந்த முறை. இதை ஏற்க அதிகாரிகளுக்குச் சில பயணங்கள் பிடித்தன.

குறைகள் பெரும்பாலும் கப்பலின் செயல்திறன் மாதிரியில், அதாவது எந்த வேகத்துக்கு எவ்வளவு திறன் தேவை என்று கணிக்கும் பகுதியில் இருந்தன. தொடக்கத்தில் எங்களுக்குக் கிடைத்த மாதிரி, கப்பல் கட்டி முடித்தபோது நடந்த கடல் சோதனை வளைகோட்டை அடிப்படையாகக் கொண்டது. அது சுத்தமான அடிப்பகுதிக்கும் அமைதியான கடலுக்கும் உரியது. நாங்கள் இயக்குவதோ துறைமுகத்துக்குத் துறைமுகம் மிதப்பாழமும் (நீரில் அமிழும் ஆழம்) முன்பின் சாய்வும் மாறும், மேல்தளத்தில் சுவர்போல் அடுக்கிய பெட்டிகளில் காற்று மோதும், அடியில் பாசியும் சிப்பியும் படிந்த கப்பல். 24 மணி நேரச் சராசரியை மட்டும் தரும் நண்பகல் அறிக்கைகளை விட்டு, உந்துதண்டில் (என்ஜினையும் உந்துவிசிறியையும் இணைக்கும் தண்டு) பொருத்திய சென்சாரின் தரவைக் கொண்டு மாதிரியைத் திருத்திய பின்னரே முன்கணிப்புகள் நம்பத் தக்கவையாயின. இன்னொரு குறை: அதிர்வு காரணமாகத் தொடர்ந்து ஓட்டக்கூடாத சுழற்சி எல்லைக்குள்ளேயே சில வேகங்களை மென்பொருள் பரிந்துரைத்தது. ஒவ்வொரு கப்பலுக்கும் அந்த எல்லையைக் கேட்டுப் பதிவு செய்யாத எந்த நிறுவனத்தையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பாதைத் தேர்வு முக்கியமற்றது என்று சொல்லவில்லை. 2023ஆம் ஆண்டின் இறுதியில் செங்கடலைத் தவிர்த்து நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது, சிங்கப்பூருக்கும் ராட்டர்டாமுக்கும் இடையே ஏறத்தாழ 3,500 கடல் மைல் கூடியது. அங்கே தென்மேற்கு நோக்கி ஓடும் அகுல்ஹாஸ் நீரோட்டம் மேற்கே செல்லும் கப்பலுக்கு நல்ல துணை. ஆனால் தென்மேற்கிலிருந்து புயற்காற்று எதிர்த்து வீசும்போது அதே நீரோட்டத்தில் மிகச் செங்குத்தான பேரலைகள் எழும். நீரோட்டத்தின் ஆதாயத்தை மட்டும் பார்த்துக் கரையை ஒட்டிப் பாதை போட்ட மென்பொருளை, அனுமதிக்கும் அலை உயரத்தின் எல்லையைக் கடுமையாக்கித்தான் கட்டுப்படுத்த முடிந்தது. வேகத்தைக் குறைப்பதே பாதுகாப்பு என்ற எண்ணமும் எப்போதும் பொருந்தாது: அடுத்தடுத்த அலைகளைச் சந்திக்கும் நேர இடைவெளி கப்பலின் இயல்பான உருளல் காலத்தில் (பக்கவாட்டில் ஒருமுறை சாய்ந்து மீளும் நேரம்) ஏறத்தாழப் பாதியாக அமைந்தால், எதிரே வரும் முகப்பலையிலும் கப்பல் கடுமையாக உருளக்கூடும், வேகமும் திசையும் மாறினால் அந்த இடைவெளியும் மாறும். உருளல் காலத்தை நிர்ணயிக்கும் நிலைப்புத்தன்மை அளவை ஒவ்வொரு புறப்பாட்டின்போதும் உள்ளிட வேண்டும். பழைய அளவோடு வரும் எச்சரிக்கை, எச்சரிக்கையே இல்லாததைவிடக் கேடானது. இறுதி முடிவு கேப்டனுடையது என்பதை கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச உடன்படிக்கையான சோலாஸின் ஐந்தாம் அத்தியாயம் தெளிவாகவே சொல்கிறது. அவர் பரிந்துரையை மறுத்தால் காரணத்தை எழுத ஓர் இடம் திரையில் இருப்பது மிகவும் பயன்பட்டது.

எரிபொருளுக்கு மேல் இப்போது விதிகளின் செலவும் சேர்ந்திருக்கிறது. 2023ஆம் ஆண்டு இயக்கத்திலிருந்து கப்பல்களுக்கு ஏ (சிறந்தது) முதல் ஈ வரை கார்பன் செறிவுத் தரம் வழங்கப்படுகிறது. 2024 முதல், கார்பன் உமிழ்வுக்கு விலை கொடுக்க வைக்கும் ஐரோப்பிய உமிழ்வு வணிகத் திட்டம் கப்பல்களையும் உள்ளடக்குகிறது. இவற்றை மென்பொருள் நன்றாகவே கணக்கிடுகிறது. மென்பொருளால் தீர்க்க முடியாதது, வந்து சேரும் வேளை பற்றிய தகவல் குறைபாடு: பெர்த் (கப்பல் நின்று சரக்கு இறக்கும் இடம்) காலியாகாது என்பதைத் துறைமுக முனையம் கடைசி நாளில் சொன்னால், அதுவரை விரைந்து எரித்த எரிபொருள் நங்கூரத்தில் வீணாகிறது. பெர்த் நேரத்தை முனையத்திடமிருந்து நேரடியாகப் பெறும் வசதி உள்ள துறைமுகங்களில் கிடைத்த மிச்சம், பாதை மாற்றங்களால் கிடைத்ததைவிடத் தெளிவாகவே அதிகம்.

வாங்குமுன் உங்கள் கப்பல் ஒன்றின் பழைய பயணங்களைக் கொடுத்துச் சோதித்துப் பாருங்கள். ஆனால் அப்போது உண்மையில் வீசிய வானிலையைக் கொடுக்காமல், புறப்பட்ட நாளிலும் வழியிலும் கையிலிருந்த முன்னறிவிப்புகளை மட்டுமே பயன்படுத்துமாறு கேளுங்கள். முழு வானிலையும் முன்பே தெரிந்தால் எந்த மென்பொருளும் சிறந்த பாதையைக் காட்டிவிடும். ஒரு வாரத்துக்கு அப்பால் நம்பகம் தேயும் முன்னறிவிப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதே நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் திறன்.