வெண்டைக்காய் அச்சா, நூல் ஓவியமா, ஊதலா?

பிள்ளைகள் தூரிகை இல்லாமல் படம் போட மூன்று வழி: நறுக்கிய வெண்டைக்காயைச் சாயத்தில் ஒற்றித் தாளில் பதிப்பது, சாயத்தில் நனைத்த நூலை மடித்த தாளுக்குள் வைத்து இழுப்பது, தாளில் விட்ட சாயச் சொட்டை உறிஞ்சுகுழாயால் ஊதிப் பரப்புவது. மூன்றுக்கும் ஒரே போஸ்டர் கலர் போதும். பதம்தான் வேறு. அச்சுக்குக் கரைத்ததை ஊதினால் நகராது. ஊதக் கரைத்ததில் வெண்டைக்காயை ஒற்றினால் பூ விழாது, பொட்டுதான் விழும். அக்ரிலிக் மட்டும் வேண்டாம், காய்ந்தபின் சட்டையை விட்டுப் போகாது.

மூன்று, நான்கு வயசுக்கு அச்சுதான். சமையலுக்கு ஆகாதென்று ஒதுக்கும் முற்றல் வெண்டைக்காய்தான் இங்கே உசத்தி. பிஞ்சு அமுக்கினால் நசுங்கிவிடும். காம்பிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரே வெட்டாக நறுக்குங்கள். வெட்டு சாய்ந்தால் ஐந்து இதழில் மூன்றுதான் பதியும். வெட்டுவாயில் ஊறும் கொழகொழப்பைத் துணியால் ஒற்றி, பத்து நிமிடம் உலர விடுங்கள். இல்லையென்றால் சாயம் ஒட்டாமல் வழுக்கும். சாயம் தோசை மாவுப் பதம். கிண்ணத்தில் முக்கினால் ஓட்டைகள் அடைத்துக்கொள்ளும். ஈரத்துணியை நான்காக மடித்துத் தட்டில் வைத்து, மேலே சாயம் தடவி, அதில் ஒற்றி எடுத்தால் அளவாக ஏறும். நிறத்துக்கு ஒரு காய். உருளைக்கிழங்கில் விரும்பிய வடிவம் செதுக்கலாம்தான், ஆனால் கத்தி பிடிப்பது நாம், பிள்ளைக்கு வேடிக்கை மட்டும்.

நூல் ஓவியம் ஆறு வயசுக்கு மேல். தையல் நூலில் சாயம் நிற்காது, நைலான் குடிக்கவே குடிக்காது. பூ கட்டும் நூலை ஒன்றரை அடி வெட்டி இரட்டையாக முறுக்குங்கள். சாயம் கெட்டி மோர்ப் பதம். ஒரு நுனியை நனையாமல் விட்டு மீதியை முக்கி, இரு விரலுக்கு நடுவே ஒருமுறை உருவ வேண்டும். அப்படி உருவி எடுக்காவிட்டால் தாள் முழுக்கச் சேறு. நடுவில் மடித்த ஏ4 தாளின் ஒரு பாதியில் சுருள் சுருளாக வளைத்து வைத்து, காய்ந்த நுனியைக் கீழே வெளியே விடுங்கள். மூடி, மேலே கனமான நோட்டை வைத்து அமுக்கியபடி நேராக இழுத்தால் இருபுறமும் ஒன்றுபோல இறகு விரியும். அமுக்கம் குறைந்தால் நூல் தடம் மட்டும்தான் மிஞ்சும். ஒரு கை அமுக்க, மறு கை இழுக்க என்பதுதான் சின்னக் கைகளுக்குச் சிக்கல். அண்ணனோ அக்காவோ அமுக்கினால் நாலு வயசுத் தம்பியும் இழுப்பான். வயசு வித்தியாசத்தில் இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதையே சொல்வோம்.

ஊதலுக்கு ஒரு ஸ்பூன் சாயத்துக்கு இரண்டு ஸ்பூன் தண்ணீர். நோட்டுத்தாள் உறிஞ்சிவிடும், சார்ட் தாளின் வழவழப்பான பக்கம் வேண்டும். குழாயைச் சாய்த்துப் பிடித்தால் கிளை ஓடும், செங்குத்தாக ஊதினால் முகத்தில் தெறிக்கும். சின்னப் பிள்ளைகள் பழக்கத்தில் உறிஞ்சிவிடுவார்கள். வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் தள்ளி ஊசியால் ஒன்றிரண்டு துளை போட்டுக் கொடுங்கள். தொடர்ந்து ஊதினால் தலை சுற்றும். தமிழ்நாட்டில் 2019 முதல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய்க்குத் தடை. காகிதக் குழாய் எச்சிலில் ஊறித் தொய்ந்துவிடும், ஆளுக்கு இரண்டு எடுத்து வையுங்கள். பப்பாளி இலைக் காம்பை மட்டும் நறுக்கித் தராதீர்கள், அந்தப் பால் உதட்டில் பட்டால் எரியும்.