அசையாமல் படுக்க முடியாத பிள்ளைக்கு எந்தக் கருவி?

தங்கச்சி மகனுக்கு ஆட்டிசம் என்று உறுதியானபோது அவனுக்கு நாலு வயது. அன்றைக்கு இரவே தங்கச்சி என்னிடம் கேட்டாள்: "அக்கா, தலைய ஸ்கேன் எடுத்துப் பாத்தா என்ன ஏதுன்னு தெளிவா தெரிஞ்சிடும்ல?" மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய எங்கள் தாமானில் (குடியிருப்பில்) இன்னும் இரண்டு தாய்மார் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். நான் பாலர் பள்ளி டீச்சர், எனக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறார்கள். அதற்காகவே உட்கார்ந்து படித்தேன்.

முதலில் நேரடியான பதில். இன்றைக்கு எந்த ஸ்கேனும் ஒரு பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லாது. பிள்ளை எப்படி விளையாடுகிறது, கூப்பிட்டால் திரும்புகிறதா, விரலால் சுட்டிக் காட்டுகிறதா என்று பார்த்து, பெற்றோரிடம் விவரமாகக் கேட்டுத்தான் மருத்துவர் முடிவு செய்கிறார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கான எம்-சாட் என்ற 20 கேள்விப் படிவம்கூட, மேற்கொண்டு பார்க்க வேண்டுமா என்று சொல்லும் முதல் சல்லடைதான். மருத்துவர் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொன்னால் அதற்கு வலிப்பு போன்ற வேறு காரணம் இருக்கும். ஆட்டிசமா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் நகையை அடகு வைத்து ஸ்கேன் எடுக்க ஓடாதீர்கள்.

ஆராய்ச்சி என்று வந்தால் கதை வேறு. ஆட்டிசத்தில் மூளை எப்படி வளர்கிறது, எப்படி வேலை செய்கிறது என்று அறிய மூளைப் படங்கள் தேவை. அங்கே எந்தக் கருவி மேல்? நான் ஒரே ஒரு கேள்வியை வைத்துத்தான் அளக்கிறேன்: எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி ஒருவன் அதற்குள் போக முடியுமா?

எம்.ஆர்.ஐ. பெரிய காந்தம். மூளையின் அமைப்பை மில்லிமீட்டர் கணக்கில் காட்டும். 1990-இல் ஜப்பானிய விஞ்ஞானி செய்ஜி ஒகாவா ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தை அதே காந்தத்தால் பிடிக்கலாம் என்று காட்டிய பிறகு, எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க முடிந்தது. அதுதான் எஃப்.எம்.ஆர்.ஐ. மூளையின் ஆழத்தில் இருக்கும், பயம் போன்ற உணர்ச்சிகளில் பங்குள்ள அமிக்டலா வரை எட்டிப் பார்ப்பதில் இதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

2017-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்வு என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் உள்ள 106 கைக்குழந்தைகளை, தூங்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளுக்கு 6 முதல் 12 மாதத்திற்குள் மூளையின் மேற்பரப்பு வேகமாக விரிந்திருந்தது. அந்தப் படங்களை வைத்துக் கணினி போட்ட கணக்கு, ஆட்டிசம் உறுதியான பத்துக் குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்பது பேரை முன்கூட்டியே பிடித்துவிட்டது. ஆனால் இது குடும்பத்தில் ஏற்கெனவே ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கான கணக்கு. எல்லாக் குழந்தைக்கும் அப்படியே பொருத்த முடியாது.

பெரிய பிள்ளைகளிடம் வரும்போதுதான் சிக்கல். 2018-இல் பல நாட்டு ஸ்கேன்களைச் சேர்த்து, ஆட்டிசம் உள்ள 1,571 பேரையும் இல்லாத 1,651 பேரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் இருந்தது, ஆனால் சின்ன வித்தியாசம். ஒரு தனி ஆளின் படத்தைப் பார்த்து இவர் எந்தப் பக்கம் என்று சொல்ல அது போதாது. அதற்கும் முன்பே, 2012 வாக்கில், இன்னொரு சங்கடம் வெளிவந்திருந்தது. ஸ்கேனுக்குள் தலை கொஞ்சம் அசைந்தாலே போதும், தூரப் பகுதிகளுக்கு இடையிலான தொடர்பு பலவீனமாகவும் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு பலமாகவும் படத்தில் தெரியும். ஆட்டிசத்தில் மூளைத் தொடர்பு இப்படித்தான் இருக்கும் என்று அதுவரை சொல்லப்பட்டதும் கிட்டத்தட்ட இதே மாதிரிதான். அப்படியானால் பார்த்தது ஆட்டிசத்தையா, அசைவையா?

அதனால் இப்போது அதிகம் அசைந்த பிள்ளைகளின் படத்தை ஒதுக்கிவிடுகிறார்கள். அறிவியல்படி அது சரி. ஆனால் மிஞ்சுவது யார்? நன்றாகப் பேசும், சொன்னால் கேட்டுப் படுத்திருக்கும் பிள்ளைகள். தங்கச்சி மகன் இன்னும் ஒரு வாக்கியம் பேசவில்லை. தோட்டத்தில் புல்வெட்டும் மெஷின் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் போய்விடுவான். எம்.ஆர்.ஐ. சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். உதவி அதிகம் தேவைப்படும் பிள்ளைகள்தான் இந்தப் படங்களில் குறைவாக இருக்கிறார்கள். எனக்கு இதுதான் மனதை அறுக்கிறது.

அடுத்து இ.இ.ஜி., தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் கருவி. 1924-இல் ஜெர்மனியில் ஹான்ஸ் பெர்கர் மனிதத் தலையிலிருந்து முதன்முதலில் பதிவு செய்த அதே மின்னலைகள். பழைய கருவி என்று ஒதுக்க வேண்டாம். எஃப்.எம்.ஆர்.ஐ. நம்பியிருக்கும் ரத்த ஓட்டம் உச்சத்துக்கு வர ஐந்தாறு வினாடி ஆகும். இ.இ.ஜி. மில்லிசெகண்டில் பேசும். ஒரு முகத்தைப் பார்த்து சுமார் 170 மில்லிசெகண்டில் எழும் அலை, ஆட்டிசம் உள்ளவர்களிடம் சராசரியாகக் கொஞ்சம் தாமதமாக வருகிறது. மருந்து ஆய்வுகளில் ஆட்களைப் பிரித்துப் பார்க்க உதவக்கூடும் என்று இந்த அளவீட்டை 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தன் பரிசீலனைத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டது.

போன வருடம் தங்கச்சி மகனுக்கு ஒரு முறை வலிப்பு வந்ததால் ஈப்போவில் இ.இ.ஜி. எடுத்தோம். தலைக்குக் குளிப்பாட்டி, எண்ணெய் வைக்காமல் கூட்டிவரச் சொன்னார்கள். தூக்கத்தில் பதிய வேண்டுமாம், முதல் நாள் இரவு அவனைத் தூங்கவிடக் கூடாது. நானும் தங்கச்சியும் மாறி மாறி அவனை வாசலில் நடக்க வைத்தோம். அப்படியும் முதல் முறை எதுவும் நடக்கவில்லை. பசை வைத்து ஒட்டிய ஒவ்வொரு வயரையும் பிய்த்து என் கையில் கொடுத்தான். வீட்டுக்கு வந்து அவன் முடியிலிருந்து அந்தப் பசையை வெந்நீரில் எடுக்கவே அரைமணி நேரம் ஆனது. அப்புறம் ஒரு நீச்சல் தொப்பி வாங்கி, தினமும் இரவு இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் என்று போட்டுப் பழக்கினாள் தங்கச்சி. மூன்று வாரம் கழித்துப் போனபோது அவள் மடியிலேயே தூங்கிப்போனான். பதிவு முழுதாகக் கிடைத்தது.

இ.இ.ஜி.யின் குறையையும் சொல்ல வேண்டும். அலை மூளையின் எந்த மூலையிலிருந்து வருகிறது என்று துல்லியமாகச் சொல்லாது. கண் சிமிட்டினால், பல்லைக் கடித்தால் அதுவும் பதிவில் விழும்.

மூன்றாவது, ஒளித்தொப்பி. எஃப்.என்.ஐ.ஆர்.எஸ். என்பார்கள். அகச்சிவப்புக்கு அருகிலுள்ள ஒளியைத் தலைக்குள் அனுப்பி, திரும்பி வருவதை வைத்து ரத்தத்தின் ஆக்சிஜனைக் கணக்கிடுகிறது. சத்தமில்லை, பசையில்லை, கொஞ்சம் அசையலாம், விளையாடிக்கொண்டேகூட இருக்கலாம். பாதி நேரம் ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இது பெரிய வரம். ஆனால் மண்டைக்குள் இரண்டு மூன்று சென்டிமீட்டர்தான் எட்டும், அமிக்டலாவைத் தொடாது. நம் பிள்ளைகளின் அடர்ந்த கறுப்பு முடியும் ஒளியை விழுங்கிவிடும். ஒவ்வொரு உணர்கருவிக்கும் கீழே முடியை விலக்கி வைக்கப் பொறுமையான ஆள் வேண்டும்.

எம்.இ.ஜி. என்று ஒன்றும் உண்டு. மூளையின் மிக மெல்லிய காந்தப் புலத்தைச் சத்தமில்லாமல் அளக்கும், நேரத்தில் இ.இ.ஜி.க்குச் சமம், இடத்தில் அதைவிட மேல். ஆனால் வழக்கமான எம்.இ.ஜி. திரவ ஹீலியமும் காந்தக் கவச அறையும் கேட்கும் கருவி. எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு எட்டாத தூரம்.

என் ஓட்டு இ.இ.ஜி.க்கு. அதற்கு அடுத்து ஒளித்தொப்பி. கைக்குழந்தைகள் தூங்கும்போது எடுக்கும் ஆய்வுக்கு மட்டும் எம்.ஆர்.ஐ.யை முதலில் வைப்பேன். நாளைக்கு ஏதாவது பல்கலைக்கழகத்திலிருந்து ஆராய்ச்சிக்குப் பிள்ளை கேட்டு வந்தால், பேசாத பிள்ளையையும் சேர்ப்பீர்களா, முன்கூட்டியே வந்து கருவியைத் தொட்டுப் பார்க்க விடுவீர்களா, அவன் வேண்டாம் என்று தள்ளினால் அந்த இடத்திலேயே நிறுத்துவீர்களா என்று மூன்றையும் கேட்கச் சொல்லியிருக்கிறேன். அந்த நீச்சல் தொப்பி இன்னும் அலமாரியில் இருக்கிறது. சில இரவுகளில் அவனே அதை எடுத்துவந்து தங்கச்சி கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிகிறான்.